ஆடாமல் உட்கார்ந்த ஒன்பது வருஷம்

வீடியோக்காரர் பிடிவாதத்துக்குப் பேர்போனவர். ஊரார் கல்யாணங்களை வெட்டி ஒட்டியே தலை நரைத்த மனுஷனுக்கு, தனக்கென்று ஒரு படம் எடுக்க ஆசை. கதை கிடையாது, வசனம் கிடையாது. தினமும் காலை ஏழு மணிக்கு, ஜன்னலோரம் அதே நாற்காலியில் மனைவியை உட்கார வைத்து ஒரே ஒரு போட்டோ. அத்தனையையும் கோர்த்து ஓட்டினால் காலம் போவதைக் கண்ணால் பார்க்கலாமாம். ஒன்பது வருஷப் பாடு. ஓடுவதோ இரண்டேகால் நிமிஷம்!

"ஆடாதடி." அந்த வீட்டில் பொழுது விடிந்ததும் கேட்பது இதுதான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். தெருவே அவளுக்குச் 'சிலை' என்று பெயர் வைத்துவிட்டது. காய்ச்சல் என்றாலும் விடமாட்டார். புருஷன் ஆசைப்படுகிறாரே என்று பொறுத்துக்கொண்டாள், பாவி மகள்.

ஐந்தாம் வருஷம் ஓட்டிப் பார்த்தபோது, அவள் கழுத்தில் ஒரு நிழல் துள்ளியது. படம் துள்ளினால் வீடியோக்காரருக்கு ஆகவே ஆகாது. முடி நரைக்கலாம், கன்னம் ஒட்டலாம். ஆனால் எல்லாம் மெல்ல மெல்ல நடக்க வேண்டும். ஒரு பழுப்புச் சால்வையைக் கொண்டுவந்து கழுத்தைச் சுற்றிவிட்டார்.

"இங்க ஏதோ தட்டுப்படுதுங்க," என்று அவள் தொட்டுக் காட்டினாள்.

"எல்லாம் ஜன்னல் வெளிச்சம் பண்ற வேலை. இனிமே தினம் இதைப் போட்டுக்க. ஆடாத."

வெளிச்சமாம் வெளிச்சம்! கேமரா வழியாக அத்தனை உன்னிப்பாகப் பார்த்த மனுஷனுக்கு, கையால் ஒரு தரம் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

போன மாதம் அவளுக்குக் குரல் கம்மியது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பரிசோதனை எல்லாம் முடிந்து டாக்டர் அவரைத்தான் கடிந்துகொண்டார்.

"கட்டி நல்லா பரவிடுச்சு. இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வருஷமா? இது புதுசு டாக்டர்! எங்கிட்ட தினப்படிக்குப் படம் இருக்கு, நீங்களே பாருங்க." மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு லேப்டாப்போடு போய் ஓட்டியும் காட்டினார். புதிதென்று தெரிந்தால் டாக்டர் பிழைக்க வைத்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

வெறும் கழுத்து ஓடியது. பிறகு திடீரென்று பழுப்பு.

"நிறுத்துங்க. கொஞ்சம் முன்னாடி போங்க." டாக்டர் திரையில் விரலை வைத்தார். "பட்டாணி அளவுதான் இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா அறுத்து எடுத்திருப்போம். இந்தச் சால்வை எதுக்கு?"

வீடியோக்காரர் லேப்டாப்பை மூடப் போனார். பக்கத்தில் இருந்தவள் கம்மிய குரலில், "குளிருக்குங்க, டாக்டர்," என்றாள்.

மறுநாள் காலை அவர் கேமராப் பக்கமே போகவில்லை. அவளே தட்டுத்தடுமாறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சால்வையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கட்டி தெரிந்தது.

"மணி ஏழாச்சு. எடுங்க."

"வேணாம்டி. நான் பாவி."

"இத்தனை நாள் உட்கார்ந்தேனே, அது வீணாப் போகணுமா? எடுங்கன்னா."

அவர் கேமராவைத் தூக்கினார். கை கிடுகிடுவென நடுங்கியது.

"ஆடாதீங்க," என்றாள் அவள்.