செங்கம்மாள் தூங்கிவிட்ட ஞாயிற்றுக்கிழமை

டெல்லியின் வடகோடி நரேலாவிலிருந்து தெற்கே ஜங்புராவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஐந்து மணிக்கு வீட்டைவிட்டு இறங்கினால்தான் எட்டு மணிக்கு முதல் வீட்டு மேம்சாபின் பாத்திரங்களில் கை வைக்க முடியும். ஒன்றல்ல, மூன்று வீடுகள். பாத்திரம், துடைப்பம், துணி. இருட்டிய பிறகு திரும்பி வந்து நான்காவது மாடி ஏறும்போது செங்கம்மாளின் முழங்கால் ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்கும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். முப்பத்திரண்டு வருடம் ஜங்புராவின் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில், பாராபுல்லா சாக்கடைக் கால்வாயின் கரையில் குடியிருந்தாள். போன வருடம் ஜூனில் கேம்ப்பை இடித்தார்கள். மாற்று வீடு பெறுவோர் பட்டியலில் அவள் குடும்பத்தின் பெயர் இருந்ததால் நரேலாவில் ஃப்ளாட் கிடைத்தது. கிடைத்தவர்களை எல்லோரும் அதிர்ஷ்டசாலிகள் என்றார்கள். முன்பெல்லாம் பத்து நிமிடம் நடந்தால் வேலை செய்யும் வீடு வந்துவிடும். இப்போது மாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள்.

ஆறு நாள் வேலைக்கு வரும் அதே பாதையில் ஏழாவது நாள் சபைக்கு வந்தாள். கேம்ப்பில் தகரக் கூரைக்குக் கீழே கூடிய சபை இப்போது ஜங்புராவை ஒட்டிய போகலில் ஒரு தையல் கடையின் மாடியில் கூடுகிறது. முப்பது பேராக இருந்தவர்கள் இருபதாகக் குறைந்துவிட்டார்கள். பாஸ்டர் பெயர் ஐயப்பன். வாரநாட்களில் ஏ.சி. ரிப்பேர் வேலை பார்ப்பவர். ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்களாம். ஆதார், ரேஷன், பேங்க் என்று எல்லாவற்றிலும் மாற்றி முடிப்பதற்குள் ஆண்டவரே திரும்பி வந்துவிடுவார் என்று சொல்லி விட்டுவிட்டாராம். செங்கம்மாளும் அப்படித்தான் செங்கம்மாளாகவே நின்றுவிட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால், யாருக்காவது யார்மீதாவது மனக்குறை இருந்தால் போய்ச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று பாஸ்டர் சொல்வார். அந்த வார்த்தை வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் செங்கம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். பஸ் தூரம் என்பாள். நரேலா என்ற ஒரு சொல் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். இப்படியே ஒன்பது மாதம் ஓடிவிட்டது. இருபது வருடமாகப் பந்தியைத் தவறவிடாதவள், ஒன்பது மாதமாக அப்பத்தை வாயில் வைக்கவில்லை.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

இடிப்பதற்கு முன்பு, மே மாதத்து ஞாயிறு ஒன்றில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். கர்த்தர் தன்னோடு பேசினார் என்றாள். தன் வாசலையோ இங்கே இருக்கும் யாருடைய வாசலையோ எந்த வண்டியும் தொடாது, யாரும் கலங்க வேண்டாம் என்றாள். கை தட்டினார்கள், ஸ்தோத்திரம் சொன்னார்கள், இரண்டு பேர் அழுதார்கள். பொய்யா சொன்னாள்? அப்படிச் சொல்லிவிட முடியாது. விடியற்காலை ஜெபத்தில் நெஞ்சுக்குள் ஏதோ சூடாக நகர்ந்தது உண்மை. அது அவருடைய குரலா, அவளுடைய ஆசையா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது மனம் வரவில்லை. நின்று சொன்ன நேரத்தில் முழுதாக நம்பினாள். உட்கார்ந்தபோது பாதி குறைந்திருந்தது.

அடுத்த சில நாட்களில் மீதியும் கரைந்தது. வெள்ளிக்கிழமை மதியம், கேம்ப்பில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு சைக்கிள் வண்டியில் ஸ்டீல் பீரோவை ஏற்றி முதல் வீட்டு மேம்சாபின் கராஜுக்கு அனுப்பினாள். அதற்குள் மகள் மஞ்சுவின் பட்டச் சான்றிதழ் இருந்தது. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை அப்படி ஒரு காகிதம் வந்ததில்லை. வீடு போனால் போகட்டும், அது போகக்கூடாது என்று அவள் கைகள் தாமாகவே முடிவெடுத்துவிட்டன. பீரோவைக் கட்டிக்கொடுத்தவர் கணவர் தட்சிணாமூர்த்தி. பெயின்டர், சபைப் பக்கம் தலை வைக்காதவர்.

“வண்டிய ஆண்டவர் நிறுத்துவாருன்னு சொன்னியே, அப்புறம் எதுக்குடி கயிறு?” என்று சிரித்தார்.

அவள் பழைய பெட்ஷீட் ஒன்றை பீரோவின்மேல் போர்த்தினாள். வழியில் கேட்டவர்களிடம் பூட்டு ரிப்பேர் என்றாள்.

ஞாயிறு காலை புல்டோசர் வந்தது.

மூன்று வீடு தள்ளி மேகலா இருந்தாள். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள், சபையில் அக்கா அக்கா என்று செங்கம்மாளின் பின்னாலேயே திரிந்தவள். அவள் ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்டவில்லை. கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், தையல் மெஷின் உள்ளேயே போயிற்று. பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. இப்போது போகலில் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, கீழே இருக்கும் அதே தையல் கடையில் கூலிக்குத் தைக்கிறாள். வாரநாட்களில் வேலை முடிந்து அந்தக் கடைச் சந்து வழியாகப் போனால் பஸ் ஸ்டாப் பக்கம். செங்கம்மாள் ஒன்பது மாதமாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

மேகலாவிடமிருந்து ஒளிந்ததைவிட அதிகமாக அவள் இயேசுவிடமிருந்து ஒளிந்தாள். காலையில் அடுப்படியில் நின்று ஆண்டவரே என்று தொடங்குவாள், அதற்குமேல் போகாது. ஊரார் முன் அவர் பெயரைச் சொல்லிவிட்டு ஊரார் பின்னால் கயிறு கட்டியவளோடு அவருக்கு என்ன பேச்சு? அம்மா ஜெபம் பண்ணுவதை நிறுத்திவிட்டாள் என்று மஞ்சுதான் முதலில் கண்டுபிடித்தாள். துருவித் துருவிக் கேட்டபோது, அவர் கோபமாக இருக்கிறார் என்று மட்டும் செங்கம்மாள் சொன்னாள்.

“உனக்கு எப்படி பதா?” என்று கேட்டாள் மஞ்சு. “அவரு வந்து சொன்னாரா, இல்ல நீயே சோச்சிக்கிட்டியா?”

டெல்லியில் பிறந்த பெண்ணின் தமிழ் அவ்வளவுதான், தெரிவதற்கும் யோசிப்பதற்கும் ஹிந்திதான் வரும். ஆனால் கேள்வி சரியாகத்தான் இருந்தது. செங்கம்மாள் கிளம்ப நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினாள்.

மார்ச் மாத முதல் ஞாயிறுக்கு முந்தின நாள், இரண்டாவது வீட்டில் நிச்சயதார்த்தம். அறுபது பேர் சாப்பிட்ட பாத்திரங்களைத் தனியாகக் கழுவி முடித்திருந்தாள். மறுநாள் சபையில் வழக்கம்போலக் கதவோரம், சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தாள். எழுந்து போக வசதியான இடம். பாஸ்டர், நோயாளிப் பிள்ளையை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நம்புகிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு அந்தத் தகப்பனிடம் சொன்னார் என்றார். அந்தக் கதையைச் செங்கம்மாள் பலமுறை கேட்டிருக்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு அது அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். நம்புகிறவனுக்குத்தானே, எனக்கில்லையே என்று நினைத்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும் என்றும் நினைத்தாள். மின்விசிறி சுற்றியது.

கண் திறந்தபோது எல்லோரும் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே ஒரு தட்டு. தட்டில் பிட்டு வைத்த அப்பத் துண்டுகள். அன்றைக்கு ஆண்கள் நான்கு பேர்தான் வந்திருந்ததால் தட்டைப் பெண்கள் பக்கம் கொண்டுவரும் வேலை மேகலாவுக்கு வந்திருந்தது.

செங்கம்மாள் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். பையைத் தேடினாள். பை அவள் காலுக்கும் மேகலாவின் காலுக்கும் நடுவில் இருந்தது.

“எனக்கு வேணாம் மேகலா. நான் எடுக்கக் கூடாது.”

“ஏன்?”

பக்கத்தில் இருந்தவர்கள் பாடுவதைக் குறைத்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். செங்கம்மாளுக்குச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெம்பு இல்லை. சாட்சி சொல்லிவிட்டு, இடிப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பீரோவை அனுப்பிவிட்டேன் என்று அப்படியே சொன்னாள்.

“தெரியும்,” என்றாள் மேகலா. “எடுக்கா. கை வலிக்குது.”

தட்டு உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க மெஷின் மிதிப்பவளுக்குத் தோள்வலி உண்டு என்பது செங்கம்மாளுக்கு நினைவு வந்தது. எடுத்தாள். எடுத்ததற்கு அந்த நேரத்தில் அவளிடம் வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. அழுகை வரவில்லை, உடம்பு லேசாகவில்லை. முதலில் சமாதானம், பிறகு பந்தி என்றுதான் பாஸ்டர் சொல்வார். அவளுக்கு எல்லாம் தலைகீழாக நடந்தது.

கூட்டம் முடிந்ததும் மேகலா படியில் வழியை மறித்தாள். மேலே தன் அறைக்கு வரச் சொன்னாள், பஸ் கதையெல்லாம் வேண்டாம் என்றாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், துணி மூட்டை. மேகலா தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

“பெட்ஷீட் போட்டு மூடினா தெரியாதுன்னு நெனச்சியா? நாலு காலும் வெளிய நீட்டிக்கிட்டுப் போவுது.”

“அப்ப நீ ஏன் எதையும் எடுக்கல?”

“எங்க எடுத்துக்கிட்டுப் போவேன்? உனக்கு மேம்சாப் கராஜ் இருந்துச்சு. எனக்கு?” சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியாமல் தட்டினாள். “உன் சாட்சியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு நாளு நல்லாத் தூங்கினேன். உனக்கே நம்பிக்கை இல்லன்னு தெரிஞ்சும் தூங்கினேன். அதுக்கப்புறம் அந்த மாதிரி தூக்கம் வரல.”

செங்கம்மாளுக்கு ஒன்பது மாதமாகச் சுமந்தது தேவைக்கு அதிகமான சுமையோ என்று ஒரு நொடி பட்டது. ஆனால் மேகலா முடிக்கவில்லை. திரும்பி நின்றாள்.

“ஒரு மெஷின்க்கா. உன் பீரோ பக்கத்துல என் மெஷினுக்கு இடம் இல்லாமப் போச்சா? என்னை ஒரு வார்த்தை கூப்பிட உனக்கு வாய் வரல.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் போனதை நினைத்து நினைத்து இத்தனை மாதம் வெந்தவளுக்கு, மெஷின் போனது மட்டும்தான் தெரிந்திருந்தது. அதை அந்த வண்டியில் ஏற்றியிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வண்டியில் இடம் இருந்தது. கட்டிய கயிறு போக மீதிக் கயிறும் இருந்தது.

யாரிடமாவது சொன்னால் சாட்சி பொய்யாகிவிடும் என்று பயந்ததாகச் சொன்னாள். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. மேகலா தேநீரை இறக்கினாள். பிறகு திட்டினாள். சந்துப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போனதற்கு, இடித்த அன்று தன் முகத்தைப் பார்க்காததற்கு, ஒரு போன்கூடப் பண்ணாததற்கு. செங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தேநீர் ஆறிப்போயிற்று.

“எனக்கு இன்னும் ஆறல,” என்றாள் மேகலா கடைசியில். “ஆறும்போது சொல்றேன். அது நமக்குள்ள. ஆனா அப்பத்த ஏன் வேணாம்னு சொன்ன? அது என்ன என் வூட்டுச் சோறா, நான் போட மாட்டேன்னு சொல்றதுக்கு? பாஸ்டர் கதைய முழுசாக் கேட்டியா, இல்லியா?”

“பாதியில தூங்கிட்டேன்.”

“அந்த அப்பன் என்ன சொன்னான்? நான் நம்புறேன், ஆனா பத்தல, நீதான் உதவி பண்ணணும்னு கத்தினான். இயேசு என்ன, போய் முழுசா நம்பிட்டு வாடான்னு திருப்பியா அனுப்பினாரு? செத்தவன் மாதிரி கெடந்த புள்ளையக் கையப் புடிச்சுத் தூக்கிவுட்டாரு. எவ்ளோ இருந்துச்சோ அத வாங்கிக்கிட்டாரு.” டம்ளரைப் பிடுங்கினாள். “ஆறிப்போச்சு, குடு. சூடு பண்றேன்.”

மாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கச் சந்து வழியாகவே வந்தாள். பாதி வழியில், ஆசாத்பூர் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. கால் கடுத்தது. நாளைக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். எதுவும் மாறிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் தூக்கம் வரவில்லை.

“ஆண்டவரே,” என்று வாய்விட்டே சொன்னாள். இந்தத் தடவை அது அங்கே நிற்கவில்லை. “மெஷினப் பத்தி நான் நெனைக்கவே இல்ல. அவள நெனைக்கவே இல்ல. என்ன மட்டும்தான் நெனச்சேன். இன்னொரு தடவ அந்த மாதிரி வந்தாலும் பயப்படத்தான் செய்வேன், எனக்குத் தெரியும். அப்பவாவது அவளையும் கூப்பிட வைங்க.”

பக்கத்தில் இருந்த இளம்பெண், இந்த ஆன்ட்டி தன் வீட்டு மனிதர் யாரோடோ போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். வசதியாக உட்கார்ந்து பேசட்டும் என்று ஜன்னல் பக்கம் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் விட்டாள்.