தலைமேல் தூக்கி வைத்து ஆடியது

சொற்களைப் பற்றி எழுதப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒருவரை ஊரே அளவுக்கு மீறிக் கொண்டாடினால், "தலைமேல தூக்கி வச்சிக்கினு ஆடுறாங்க" என்கிறோம். அந்தப் பேச்சு எங்கே பிறந்ததோ தெரியாது. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் நசுங்கிய சாமந்தியும் வியர்வையும் கலந்த வாசனை என் மூக்கில் ஏறும்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். காணும் பொங்கலன்று, அறுவடை முடிந்த கழனியில் ஆற்று மணல் கொட்டிச் சடுகுடு நடக்கும். ஜெயித்த அணியில் கடைசியாக எதிரணிப் பக்கம் பாடிப் போனவனைத் தோளில் ஏற்றித் தெருத்தெருவாகச் சுற்றி, மாரியம்மன் கோயில் வாசலில்தான் இறக்குவார்கள். அதற்குள் அவன் கால் தரையில் பட்டால் அடுத்த வருஷம் "கப்பு" வேறு ஊருக்குப் போய்விடும் என்று நம்பினார்கள்.

அந்த வருஷம் பெருநகர் என்ற பக்கத்து ஊர்க்காரர்களை ஜெயித்தது என் அண்ணன் ஏழுமலையால். நாலைந்து பேர் காலைப் பிடித்து முறுக்கி இழுத்தும், கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டான். எழுவதற்குள் சாமந்தி மாலையைப் போட்டுத் தூக்கிவிட்டார்கள். மாசியில் அவனுக்குப் போலீஸ் ஆள் எடுப்பு இருந்தது. அதற்காக விடியலில் ஏரிக்கரைமேல் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டில் அதுவரை மாதச் சம்பளம் வாங்கியவர் யாரும் கிடையாது.

தோள்மேல் இருந்தவன் கத்திக்கொண்டே வந்தான். மேளத்திலும் விசிலிலும் அதைக் குதூகலம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். "எறக்குங்கடா, காலு!" என்றது பக்கத்தில் ஓடிய எனக்குக் கேட்டது. அணித் தலைவர் மணியின் சட்டையை இழுத்துச் சொன்னேன்.

"பொண்ணே, கம்முனு வா. கோயிலாண்ட போற வரைக்கும் மவராசன் எறங்க மாட்டான்" என்று சிரித்தார். அண்ணனை இன்னொரு முறை மேலே எறிந்து பிடித்தார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். தொங்கிய காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவப்போனவள் கணுக்காலைத் தொட்டாள். அவன் போட்ட அலறலில் மேளம் நின்றது.

"இன்னாடா இது, பூசணிக்கா மாதிரி வீங்கிக் கீது! எறக்குங்கடா பாவிங்களா!"

"இன்னும் ரெண்டு தெருதான் கீது, பெரிம்மா" என்றார் மணி.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தெருவின் குறுக்கே நின்றாள். "உங்க கப்ப நீங்களே வச்சிக்கோங்க. எம் புள்ளயக் குடு."

அண்ணனை இறக்கினார்கள். கால் மண்ணில் பட்டதும் கூட்டத்தில் பலர் "ஐயோ" என்றார்கள். அது காலுக்காக இல்லை.

நைனா கழனியிலிருந்து வந்து பார்த்தார். மணியைத் திட்டவில்லை. "தூக்கிக்கினு போறவனுக்கு மேல இருக்கறவன் மூஞ்சி எங்கடா தெரியும்" என்று மட்டும் சொன்னார். தலைமேல் தூக்கி வைத்து ஆடுவது என்ற பேச்சின் பொருள் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

இப்போது சடுகுடு நடந்த கழனியில் வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. ஆட்டம் நின்று வெகுகாலம் ஆகிறது. ஊர்ப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் வருகிற யார் யாரையோ கொண்டாடுகிறார்கள். மணி அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காணும் பொங்கலுக்கு மறுநாள், முதல் பஸ்ஸில் அண்ணனைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டுப் போட்டார்கள். பங்குனியில்தான் பிரிக்க முடியும் என்றார் டாக்டர்.