பிரேக் இல்லாத வண்டி

வாய் மட்டும் இல்லையென்றால் என் அண்ணனை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எங்கள் வீட்டு மினி பைக்கைத் தான் ஓட்டிய கதையை அவன் அவிழ்த்துவிடாத விருந்து கிடையாது. அவன் பிள்ளைகள் நம்புகிறார்கள், அண்ணி நம்புகிறாள், இப்போதெல்லாம் அவனே நம்புகிறான் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அதை ஓட்டியது என் அக்கா.

அப்பாவுக்கு மோட்டார் பம்பு ரிப்பேர் கடை. யாரோ பழைய இரும்போடு தள்ளிவிட்டுப் போன வண்டி அது. உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பம்புக்கான ஸ்பேனர்களை வைத்தே கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அதைக் கிளப்பினாள். ஸ்டார்ட் செய்யக் கயிற்றை இழுக்க வேண்டும். அவள் இழுத்தால் ஒரே இழுப்பு. அண்ணன் இழுத்தால் இருமிவிட்டு நின்றுவிடும். கடைக்குப் பின்னாலிருந்த கிடங்குத் தெருவில் அவள் வளைத்துத் திருப்புவதைப் பார்க்க லாரி டிரைவர்கள் டீ கிளாசோடு நிற்பார்கள். வாயெல்லாம் பல்லாக வருவாள். அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் அவளிடம் நான் பார்க்கவில்லை.

ஒருநாள் வண்டியைக் காணோம். "இடத்த அடைக்குதுன்னு வித்துட்டேன்," என்றார் அப்பா. அவ்வளவுதான். பிறகு அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது, "அதெல்லாம் பையன் ஓட்டுனதுங்க," என்று அம்மா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அண்ணன் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அக்கா இப்போது ரெடிமேட் துணிக் கம்பெனியில் துணி வெட்டுகிறாள். இரண்டு பஸ் மாறிப் போகிறாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வேறு. என் எரிச்சலில் பாதி அவள்மேல்தான். அத்தான் இறந்துபோனபிறகு அவள் வீட்டு முடிவுகளை எல்லாம் அண்ணன்தான் எடுக்கிறான். யார் கொடுத்த பதவியோ!

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அண்ணன் வீட்டில் இருந்தோம். அக்கா மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும், ஸ்கூட்டரை அவர்களே கொடுப்பார்கள். மாமன் சரி என்றால்தான் சேரலாமாம்.

"வேணாம்மா, உன்னால முடியாது. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு வண்டியெல்லாம் சரிப்பட்டு வராது. உங்கம்மா சைக்கிளப் பாத்தாலே ஒதுங்குவா. நான் அந்த மினி பைக்ல வரும்போது ஒரு லாரி குறுக்க வந்துச்சு பாரு, பிரேக்க ஒரே பிடி..."

"அதுக்கு பிரேக்கே கிடையாது," என்றாள் அக்கா.

பிரேக் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

"வயரு அறுந்து போச்சு. செருப்ப பின் டயர்ல தேச்சுத்தான் நிறுத்துவேன். வலது செருப்பு மட்டும் ஓட்டையாகுதுன்னு அம்மா திட்டுவாங்க. நீ ஒரே ஒரு தடவ பின்னால உக்காந்து வந்த. எறக்கி விடு, எறக்கி விடுன்னு அழுத."

அண்ணன் சிரித்து மழுப்பப் பார்த்தான். "அப்பா, நீங்களே சொல்லுங்கப்பா."

அப்பாவுக்குத் தள்ளாத வயது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். "அவதான்டா ஓட்டுனா," என்றார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அப்புறம் எதுக்குப்பா வித்தீங்க?" என்று கேட்டேன்.

"தட்டுத்தடுமாறி ஓட்டியிருந்தா, தானா விட்டுருவான்னு சும்மா இருந்திருப்பேன். ரொம்ப நல்லா ஓட்டுனா. அதான் வித்தேன்."

பம்பு ஏன் ஓடவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொன்னார். தவறு செய்துவிட்டோம் என்ற நினைப்பு முகத்தில் மருந்துக்குக்கூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கே போய்ச் சேந்துடு. இனிமே இதுக்கெல்லாம் யாரையும் கேக்காத. என்னையும் கேக்காத."