வலது கைக்காகக் கேட்ட வரம்

"சோதினை வந்தால் நோவும் வருது. உது படிக்கிற பெட்டையளுக்கு வாற சாட்டு நோ, தங்கச்சி."

பரீட்சை நேரத்தில் என் கை நோவதைப் பற்றி மாமா அம்மாவிடம் சொன்னது இது. நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னார்.

முருகன் சந்நிதியில் கூடியிருக்கும் அடியார்களே, எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். ஐயா புத்தூரில் பிறர் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்துகிறவர். நான் பல்கலைக்கழகம் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அந்தப் பெருமைக்கு இன்றும் வெட்கப்படவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசிச் சண்டையில் எங்கள் வீட்டு வளவில் ஷெல் குண்டு விழுந்தது. பதுங்குகுழியாக வெட்டிய பங்கருக்குள் நானும் தங்கை செல்வியும் இருந்தோம். மண் சரிந்து எங்களை மூடியது. அவள் என் வலது கையைப் பிடித்திருந்தாள். தோண்டி எடுத்தபோது அந்தப் பிடியை ஐயாதான் விரல் விரலாகப் பிரித்தார். அவளுக்கு உயிர் இல்லை.

என் கையில் எலும்பு முறியவில்லை. காயம் ஆறியது. நோ மட்டும் நின்றது. மணிக்கட்டில் தொடங்கித் தோள் ஏறிக் கழுத்தைப் பிடிக்கும். அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சையில் முதல் வினாத்தாளிலேயே பேனையை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். எண்ணெய் பூசினோம். நூல் கட்டினோம். நல்லூர்த் திருவிழாவில் அந்தக் கையையே ஊன்றி, விழுந்து விழுந்து எழும்பி, வீதி சுற்றி அடியழித்தேன். "முருகா, நோவை எடு, இல்லாவிட்டால் கையை எடு" என்று கேட்டேன். இரண்டையும் அவன் எடுக்கவில்லை. "நேர்த்தியிலை ஏதோ குறை இருக்குது, பிள்ளை" என்று உங்களில் சிலரே முகத்துக்கு நேரே சொன்னீர்கள். அது இன்னும் கசக்கிறது. நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என்னை மனநோய் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நான் என்ன விசரியா என்று கொதித்தேன். வேறு வழியில்லாமல் போனேன். அங்கே இருந்த பெண் டொக்டரிடம் பங்கர் சரிந்ததையும் செல்வி போனதையும் மட்டும் சொன்னேன்.

"உம்மடை நோ உண்மையான நோதான்" என்றார். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர். "கை ஆறீட்டுது. மூளைதான் இன்னும் பங்கருக்குள்ளை இருந்து கத்துது. செத்தவீட்டிலை அழுதனீரோ?"

"செத்தவீடு எங்கை நடந்தது, டொக்டர்? ஷெல்லுக்குள்ளை ஒப்பாரி வைக்க ஆர் வந்தவை?"

சோதினைப் பிள்ளை குழம்பிவிடும் என்று அம்மாவும் ஐயாவும் வீட்டில் செல்வியின் பெயரையே எடுப்பதில்லை. பாசத்தில் செய்த பிழை. நானும் வாய் திறக்கவில்லை.

வாரா வாரம் ஐயாவின் சைக்கிளில் பின்னால் இருந்து போனேன். முதலில் மூச்சுப் பயிற்சி. "மூச்சை விடேக்கை உம்மடை முருகனைக் கூப்பிடும்" என்றார் டொக்டர். கையை இறுக்கி மெல்லத் தளர்த்தப் பழக்கினார். பிறகு பாதங்களை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, பங்கரில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். பாதியில் நோ வெட்டும். நிறுத்துவார். மூச்சு விட்டு, முருகனைக் கூப்பிட்டு, மறுபடியும் தொடங்குவேன்.

ஐயா விரல்களைப் பிரித்த இடத்தைச் சொல்லி முடித்த அன்று, ஒப்பாரி வைத்தே அழுதேன். வெளியில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். வீடு திரும்பும்போது சைக்கிளை நான் ஓட்டினேன்.

"மெல்ல ஓடு பிள்ளை, எனக்குச் சீவன் வேணும்" என்றார் பின்னால் இருந்த ஐயா. சிரித்தோம். செல்விக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

கேட்ட வரம் கேட்டபடி கிடைக்கவில்லை. ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டால் நோ இன்னும் எழும்பும். இப்போது எனக்கு அதை அடக்கத் தெரியும். செல்வியை முருகன் திருப்பித் தரவில்லை. அந்த வழக்கு எனக்கும் அவனுக்கும் இருக்கிறது. ஆனாலும் நான் போக வெட்கப்பட்ட கிளினிக் கதவைத் திறந்து வைத்தவன் அவன்தான். அதற்கு அவனைக் கும்பிடுகிறேன். நோவோடு இருப்பவர்களே, அவனை நம்புங்கள், அந்தக் கதவையும் தட்டுங்கள். மற்றவர்களே, அடுத்தவர் நோவைப் பொய் என்று சொல்லாதீர்கள்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடம் போய், பாதியில் விட்ட பரீட்சைக்கு மறுபடியும் என் பெயரைப் பதிந்தேன்.

"கை தாங்குமோ, பிள்ளை?" என்று பள்ளிக்கூட அதிபர் கேட்டார்.

"ஓம், சேர். நொந்தாலும் எழுதுவன்."