பக்கத்து டீச்சர்

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பக்கத்து டீச்சர். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது நான். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில், முழங்கால் மோவாயைத் தொடும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து உதவுவது அவர். அந்தப் பிள்ளைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தரலாமே என்று ஒருமுறை அவரிடம் வாயைக் கொடுத்தேன்.

"அவங்களும் இந்த வகுப்புப் பிள்ளைங்கதானே டீச்சர்? உங்களுக்கு இடைஞ்சலா இருந்தா நான் வாயைத் திறக்காம உட்கார்ந்துக்கறேன்" என்றார். அவராவது, வாயைத் திறக்காமல் இருப்பதாவது!

அந்த வருடம் அவருடைய கவலையெல்லாம் நாங்கள் சிட்டு என்று கூப்பிடும் எட்டு வயதுப் பெண்ணைப் பற்றித்தான். தலைமையாசிரியர் கெடு வைத்துவிட்டார். பருவம் முடிவதற்குள் சிட்டு வகுப்பு வேலையைத் தானாகச் செய்யாவிட்டால் வேறு பள்ளி பார்க்கச் சொல்லிவிடுவார். அவளுடைய தோழிகள் எல்லாரும் இங்கேதான்.

சிட்டு குச்சிகளை வைத்துத்தான் கழித்தல் போடுவாள். பத்துப் பத்தாக ரப்பர் போட்ட கட்டுகள், கொஞ்சம் உதிரி. உதிரி போதாவிட்டால் ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும். மடமடவென்று பிரித்தாள். எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் பக்கத்து டீச்சர் சளி, இருமலோடு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். அன்று சிட்டுவுக்கு ஒரு கணக்கும் வரவில்லை. கட்டைத் தொடுவாள், அவர் முகத்தைப் பார்ப்பாள், கையை எடுத்துவிடுவாள். முந்தின நாள் போட்ட அதே கணக்கு!

இடைவேளையில் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளா அவ குச்சியைப் பார்க்கல டீச்சர், என் மூஞ்சியைத்தான் பார்த்திருக்கா. அவ சரியா தொட்டா நான் சிரிச்சிருக்கேன்."

மறுநாளே நாற்காலியைத் தூக்கிச் சிட்டுவின் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். கெடு நெருங்கும்போதா இந்த வேலை, முதலுக்கே மோசமாகிவிடும் என்று நான் கத்தினேன். சிட்டு அழுதாள், குச்சிகளை வீசினாள். அவளுடைய அம்மா பக்கத்து டீச்சரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"நல்லா போயிட்டிருந்த பிள்ளையை ஏங்க கெடுக்கறீங்க?"

"நான் பக்கத்துல இருந்தா மட்டும்தான் வருதுன்னா, அது அவளுக்கு வரலைன்னுதாங்க அர்த்தம்."

பிடித்தால் ஒரே பிடிதான், மனுஷி அசைந்து கொடுக்கவில்லை. கொஞ்ச நாள் பின்னாலிருந்து, "உதிரி போதுமா, எண்ணிப் பாரு" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு குரலையும் நிறுத்திவிட்டார்.

தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்த அன்று, கரும்பலகையில் முப்பத்திரண்டிலிருந்து பதினைந்தைக் கழிக்கும் கணக்கு. சிட்டு மூன்று கட்டும் இரண்டு உதிரியும் எடுத்துவைத்தாள். பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தாள். பக்கத்து டீச்சர் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஓடிப்போய் அந்த ரப்பரை நானே கழற்றிவிடலாம் போலிருந்தது. சிட்டு அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குச்சிகள் பக்கம் திரும்பினாள். ஒரு கட்டைப் பிரித்தாள். ஐந்து குச்சியை ஒதுக்கினாள், ஒரு முழுக் கட்டையும் ஒதுக்கினாள். மீதியை எண்ணிப் பதினேழு என்று எழுதினாள்.

"இங்கேயே படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் எழுந்து போனார். அப்போதுதான் பக்கத்து டீச்சர் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். சிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். அவ்வளவு கோபம் அவளுக்கு.

"நானே போட்டேன் டீச்சர். நீங்க பார்க்கவே இல்ல."