ரிவர்ஸ் போகாத பதினோரு மாதம்

அந்தக் குட்டி ட்ராக்டரை ஓட்டுவது யார் என்பதில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. மீட்டர்காரர்தான். முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்று, நாலு ஏக்கர் நிலத்தையும் அதன் நடுவே ஒரு வீட்டையும் வாங்கி, நிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு ட்ராக்டரும் வாங்கிய மனிதர். அதன் சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, கியர் மாற்றி, ஸ்டீயரிங்கைத் திருப்பி, புகையை மூக்கில் வாங்கிக்கொண்டவள் அவருடைய மனைவி என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு சின்ன விவரம். மீட்டர்காரருக்கு இடது முட்டி மடங்காது. கிளட்சோ இடது காலுக்கு. ஆகவே காலை அவள் கொடுத்தாள், மூளையை அவர் கொடுத்தார். ஒன்பது வருஷம் வண்டி இந்த ஒப்பந்தத்தில் ஓடியது.

வேலைக்கா பஞ்சம்? பழமரங்களுக்கு இடையே புல் வெட்ட வேண்டும். மழை அரித்த மண் பாதையைப் பின்னால் மாட்டிய பிளேடால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். தண்ணீர் டிரம், எரு, பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை, விறகு என்று எதையாவது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் ஓட்டுவாள். அவர் கையில் ஒரு குச்சியோடு கூடவே நடந்து, ஏற்கெனவே அவள் செய்துகொண்டிருப்பதைச் செய்யச் சொல்வார்.

ரிவர்ஸ் எடுப்பது மட்டும் முழுக்க அவருடைய ராஜ்ஜியம். சமையலறையை ஒட்டிச் சரிவாகக் கூரை போட்ட சாய்ப்புக்குள்தான் விறகு இறக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் ட்ரெய்லர் போக இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம். பின்னால் தள்ளித்தான் விட வேண்டும். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று வழி சொல்வார்கள். மீட்டர்காரர் ட்ராக்டருக்கு முன்னால், அவளுக்கு எதிரே நிற்பார். பின்னால் வருகிற வண்டிக்குப் பின்னால் போய் நிற்பது பைத்தியக்காரன் வேலை என்பது அவருடைய கட்சி. முன்னால் நின்று, ஓணான் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையை நீட்டிப் பார்த்து, "வலது... வலது... கொஞ்சம் இடது... நேரா வா" என்பார். அவள் சொன்ன பக்கம் திருப்புவாள். மேஜை டிராயர் மாதிரி ட்ரெய்லர் உள்ளே போகும். கடைசியில் "போதும், இறங்கு" என்பார். இறங்குவாள். ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹார்டுவேர் கடையில் வரிசையில் நின்று, அரைக் கிலோ ஆணி கேட்டுவிட்டு, ஆணி வருவதற்குள் மீட்டர்காரர் போய்விட்டார். கடைக்காரர் நேர்மையானவர். ஆணியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு வாங்கினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சமையலறை அலமாரியில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவ்வளவு தூரம் வந்தவர்கள் கைக்குட்டையும் கையுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தாள். நாலாம் நாள் போய்ப் புல் வெட்டினாள். புல் வளர்ந்திருந்தது, வேறு காரணமில்லை. "கல் நெஞ்சுக்காரி" என்று சிலர் சொன்னார்கள். "தைரியசாலி" என்று சிலர். இரண்டும் காதில் விழுந்தது. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்ன மாதிரி இருந்தது.

முன்னால் போவதில் பிரச்சினையே இல்லை. ரிவர்ஸ் கியரில் கை வைத்தால் மட்டும் கை அங்கேயே நின்றுவிடும். எந்தப் பக்கம் திருப்புவது? சொல்ல ஆள் இல்லை. ஆகவே அவள் ரிவர்ஸையே வாழ்க்கையிலிருந்து எடுத்துவிட்டாள். நாலு ஏக்கரிலும் வட்டம் வட்டமாகப் போனாள். மரங்களைச் சுற்றினாள், தொட்டியைச் சுற்றினாள். பத்தடி பின்னால் விட்டுப்போன புல்லுக்காக நிலத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ட்ராக்டர் கொட்டகைக்குள் முன்னால் நுழைந்தால் பின்னால்தானே வெளியே வர வேண்டும்? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கொட்டகையின் பின்பக்கத் தகரங்களைக் கழற்றிவிட்டாள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போனாள்.

"அண்ணி, இது கொட்டகையா, சுரங்கப்பாதையா?" என்றான் கொழுந்தன். மீட்டர்காரரின் தம்பி. பக்கத்து ஊரில் டயர் கடை வைத்திருக்கிறவன், நல்ல மனுஷன், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவன். "மழை பேஞ்சா சீட்டு நனையுமே?"

"பிளாஸ்டிக் பை போட்டு மூடிடுறேன்."

"நீங்க நனைஞ்சா?"

"எனக்கு எதுக்குப் பை?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

சாய்ப்பு மட்டும் எந்த வட்டத்துக்கும் அகப்படவில்லை. ட்ரெய்லரை வாசலிலேயே நிறுத்தி, விறகைக் கைவண்டியில் ஏற்றி, எண்பதடி தள்ளிக்கொண்டு போய் அடுக்கினாள். ஒரு ட்ரெய்லருக்கு அறுபது நடை. பதினோராவது மாதம் நகரத்திலிருந்து வந்த மகள் அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டாள். மகள் வங்கி மேலாளர். முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லியே பதவி உயர்வு வாங்கியவள். உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். ட்ரெய்லரை உள்ளே விட அம்மாவுக்கு உதவி செய்யச் சொன்னாள்.

கொழுந்தன் வந்து, படித்தவர்கள் எல்லாம் நிற்கிற மாதிரி ட்ரெய்லருக்குப் பின்னால் நின்றான்.

"வாங்க அண்ணி, வாங்க. வலது!"

வலது பக்கம் திருப்பினாள்.

"வலதுன்னேன் அண்ணி!"

இன்னும் வலது.

"அய்யோ, வலதுன்னா வலது! சோத்துக் கை! சோத்துக் கை!"

சோத்துக் கைப் பக்கமே முழுக்க முறுக்கினாள். ட்ரெய்லர் பணிவோடு இடது பக்கம் போய், கேட் தூணைச் சாய்த்து, தபால் பெட்டியைத் தட்டையாக்கி நின்றது. கொழுந்தன் பூச்செடிக்குள் கிடந்தான்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. ட்ரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் இடது பக்கம் போகும். அதன் குணம் அப்படி. மீட்டர்காரர் அவளுக்கு எதிரே நின்றதால் அவருடைய வலது அவளுக்கு இடது. அவர் தன் வலதைச் சொன்னார், அவள் தன் வலதைத் திருப்பினாள், ட்ரெய்லர் அவருடைய வலதுக்குப் போனது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்பது வருஷம் சரியாக வந்தது. அவர் தன்னைப் பெரிய வழிகாட்டி என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தார். அவள் தன்னை ஓட்டத் தெரிந்தவள் என்று நினைத்தாள்.

மகள் தூணைப் பார்த்தாள், தபால் பெட்டியைப் பார்த்தாள், சித்தப்பாவின் முழங்கையைப் பார்த்தாள்.

"போதும்மா. வண்டியை சித்தப்பா எடுத்துக்கட்டும். நீ என்கூட வந்துடு."

"அங்க வந்து என்ன பண்றது?"

"ரெஸ்ட் எடு."

"எடுத்துட்டு?"

மகள் சாய்ந்த தூணைக் காட்டினாள். "அம்மா, வண்டி இல்லாம இந்த இடத்தை வச்சுக்க முடியாது. வண்டி உன்னால முடியல. அடுத்த ஞாயிறு வர்றேன். விறகு ட்ரெய்லரை நீயா, முழுசா, அந்த சாய்ப்புக்குள்ள விட்டுக் காட்டு. நான் வாயே திறக்கல. இல்லன்னா பெட்டியைக் கட்டு."

"சரி" என்றாள். போக வேண்டும் என்றும் இல்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆறாவது மாடியில் மகள் வீட்டு சோபாவை நினைத்துப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்மணி கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்பதுதான் புலப்படவில்லை.

திங்கள் முதல் புதன் வரை தனியாக முயன்றாள். திரும்பிப் பார்த்து ஓட்டினாள். கண்ணாடி வைத்துப் பார்த்தாள். சுவரில் மூன்று கீறல், தொட்டியில் ஒரு விரிசல். தபால்காரர் வந்து, தபால் பெட்டியைத் தேடி, வேடிக்கை பார்த்து, "நேரா வாங்கம்மா" என்று பொதுவாக ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டி, இறங்கி, ட்ராக்டருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் நிற்கிற இடம். இவ்வளவு வருஷமும் இந்த மனுஷன் இங்கிருந்து என்னத்தைத்தான் பார்த்தார் என்று தெரிந்துகொள்ளத்தான். ஸ்டீயரிங் தெரிந்தது. பிளாஸ்டிக் பை போட்ட காலி சீட் தெரிந்தது. தலையை அப்படியும் இப்படியும் நீட்டினால் ட்ரெய்லரின் ஓரமும் சுவரும் தெரிந்தன. ட்ரெய்லர் தன் வலது கைப் பக்கம் வர வேண்டும் என்று தோன்றியது.

"வலது" என்றாள் சத்தமாக.

போய் ஏறினாள். ஏறியவள் சொன்னபடி வலது பக்கம் திருப்பி ஓரடி நகர்த்தினாள். இறங்கிப் போய்ப் பார்த்தாள். ட்ரெய்லர் வலது கைப் பக்கம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் கொழுந்தனும் சமையலறைப் படியில் நின்றார்கள். கொழுந்தன் முன்ஜாக்கிரதையாகப் படியின் மேல்தட்டில்.

அவள் நிறைய விறகோடு வந்து நிறுத்தினாள். இறங்கினாள். ட்ராக்டருக்கு முன்னால் நடந்து போய் நின்று, தலையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் இடது" என்றாள், காலி சீட்டைப் பார்த்து.

நடந்து வந்து ஏறி, கொஞ்சம் இடது திருப்பி, ஓரடி பின்னால் போய், இறங்கி, மறுபடி முன்னால் போனாள்.

"அண்ணிக்கு..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன்.

"சித்தப்பா, சும்மா இருங்க."

"இல்லம்மா, யார்கிட்ட பேசுறாங்க?"

மகள் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினாள்.

"வலது... வலது..." ஏறினாள். இறங்கினாள். "நேரா வா." ஏறினாள். முன்னால் நிற்கிறவள் அதட்டினாள். சீட்டில் இருக்கிறவள் மறுபேச்சுப் பேசாமல் செய்தாள். இருபத்திரண்டு தடவை. இருபத்திரண்டு அடி. சுவரோரம் ஒரு சாண், தொட்டியோரம் ஒரு சாண் விட்டு ட்ரெய்லர் உள்ளே போய் நின்றது.

கடைசித் தடவை இறங்கி வந்து முன்னால் நின்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"போதும், இறங்கு" என்றாள்.

சீட்டிலிருந்து யாரும் இறங்கவில்லை. எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகள் படியிலிருந்து வந்து, செருப்போடு வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி அணைத்தாள். சாவி எங்கே என்று தேடியபோது கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை அவளுக்கு. பிறகு இறங்கினாள்.

மூவருமாக விறகை இறக்கி அடுக்கினார்கள். பெட்டி கட்டுகிற பேச்சை மகள் எடுக்கவில்லை.

"எல்லாம் சரி அண்ணி" என்றான் கொழுந்தன். "முன்னாடி நின்னா மட்டும் எப்படி சரியா வருது?"

"தெரியாது. எப்பவும் வரும்."

அலமாரிக்குப் போய், உப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆணிப் பொட்டலத்தை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். "கொட்டகைக்குப் பின்பக்கம் தகரம் அடிக்கணும். இனிமே அந்த வழி வேண்டாம்."

கொழுந்தன் தகரத்தைத் தூக்கிச் சட்டத்தில் சாய்த்துப் பிடித்தான். அவள் கொட்டகைக்கு உள்ளே, அவனுக்கு எதிரே நின்று பார்த்தாள்.

"வலது" என்றாள்.

அவன் தகரத்தை நகர்த்தப் போய், நின்றான். தூணும் தபால் பெட்டியும் பூச்செடியும் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும்.

"யாரோட வலது அண்ணி?"

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நகர்த்துங்க. பாத்துச் சொல்றேன்."