அம்மா கத்தி தீட்டிய சாயங்காலம்

எனக்கு ஏழு வயதிருக்கும். அம்மாவும் அப்பாவும் அப்போது பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கோடையில் திடீரென்று பெய்த மழையில், உப்பளத்தில் நாங்கள் குவித்து வைத்திருந்த உப்பில் பாதி கரைந்து போயிருந்தது. குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்க வேண்டியது யார் என்பதில்தான் சண்டை.

மரக்காணத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சேதி கொண்டுபோகும் வேலை எனக்குக் கிடைத்தது. சோறு ஆறுகிறது என்று அம்மா சொல்லச் சொல்வாள். பசியில்லை என்று அப்பா சொல்லச் சொல்வார். இருவர் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் நான் நடந்துபோய்ச் சொல்வேன். அவ்வளவு மரியாதை பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இருந்ததில்லை.

மாமாவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா வேறு சேதி கொடுத்தாள்.

"நாளைக்கு எந்தம்பிக்கு நிச்சயம். இந்தத் தாடியோட வந்து நிக்க வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

அப்பா கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினார். உப்பு வாரி வாரி உள்ளங்கை வெடித்திருந்தது. வெயிலில் எரிந்த அவர் முகத்துக்கு பிளேடு ஒத்துக்கொள்ளாது. சலூனுக்கும் போகமாட்டார்; தன்னுடைய மடக்குக் கத்தியால் தானே சவரம் செய்துகொள்வார். அந்தக் கையால் இப்போது கத்தியைப் பிடிக்க முடியாது.

அம்மா எழுந்தாள். அலமாரி மேலிருந்து கத்தியையும் தீட்டுக்கல்லையும் எடுத்தாள். மலையில் வெட்டியெடுத்த கல் என்று அப்பா பெருமையடிப்பார். தண்ணீர் தெளித்ததும் அதன் சாம்பல் நிறம் கருநீலமாக மாறியது. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, அழுத்தாமல் தள்ளினாள், புரட்டினாள், இழுத்தாள். சிர்ர், சிர்ர் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு அப்பாவின் தோல் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, அதில் தேய்த்தாள். என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியில் பட வைத்தாள். பட்டதும் அது இரண்டானது. அம்மா நிமிர்ந்து அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள்.

"உங்கப்பாவ இங்க வந்து உக்காரச் சொல்லு. நீ போயி வெளிய வெளையாடு."

முதல்முறையாக ஒரு சேதியைச் சேர்க்காமல் ஓடினேன். எதிர்வீட்டில் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் கழுத்தை அறுக்கப் போகிறாள் என்று அழுதேன். எச்சில் கையோடு அவர் ஓடிவர, பின்னாலேயே பெரியம்மாவும் வந்தாள்.

வாசலில் மூவரும் நின்றுவிட்டோம். அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய் விஷயத்தை ஆதியிலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. கன்னத்தில் கத்தி இருந்ததால் அவரால் ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியவில்லை. வயிறு மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க, அறுத்துடுவேன்" என்றாள் அம்மா. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ அறுத்துடுவேன் என்பது மட்டும்தான் கேட்டது. கத்த வாயெடுத்தேன். பெரியப்பா சுத்தமான கையால் என் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டார். பெரியம்மா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு எனக்கு ஐஸ்கிரீம் கிடைத்தது. ராத்திரி படுக்கையும் பெரியம்மா வீட்டில்தான்.

மறுநாள் நிச்சயத்தில் அப்பாவின் முகம் மாப்பிள்ளை முகத்தைவிடப் பளபளத்தது. எங்கும் ஒரு கீறல் இல்லை. அவரும் அம்மாவும் நேராகவே பேசிக்கொண்டார்கள். என் வேலை போயிருந்தது.

சவரம் செய்ய எதற்குக் கதவைச் சாத்தினீர்கள் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சவரம் பண்ற மூஞ்சில காத்து படக்கூடாது பாப்பா" என்றார்.

அப்படியே நம்பினேன். கடைத்தெருவில் கதவை விரியத் திறந்து வைத்திருந்த சலூன்களைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்களுக்காக ரொம்ப நாள் கவலைப்பட்டேன்.